காந்தம் பிடிக்காத பல்

செய்தி வந்தபோது காலை ஆறரை மணி. அடுப்பில் காபி பொங்கத் தொடங்கியிருந்தது. வெலிகா அக்காவின் தங்கை மகன் இல்கோ சமையலறைச் சன்னலைத் தட்டினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பெரியம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க, நெவ்யா அத்தை. கஷ்டப்படல."

காபி வழிந்து அடுப்பை நனைத்தது. என் கணவர் ராஷ்கோ முற்றத்துக்குப் போய், திராட்சைப் பந்தலின் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இன்று அடக்கம் முடிந்தது. ராஷ்கோ பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் மூச்சுவிடும் சத்தம் இங்கே கேட்கிறது. அந்தச் சத்தம் இந்த வீட்டில் இன்னும் கேட்பது வெலிகா அக்காவால். அதை எழுதி வைக்காமல் படுக்க மனம் வரவில்லை.

ஊருக்கு மேலே இருக்கிற சுண்ணாம்புக்கல் குவாரியில் அக்கா எக்ஸ்கவேட்டர் ஓட்டினார். இருபது வயதில் பயிற்சி வகுப்பில் சேர்ந்தபோது, "உனக்குக் கால் பெடலுக்கு எட்டுமா?" என்று கேட்டார்களாம். "எட்டலேன்னா பெடலைத் தூக்கி வையுங்க" என்றாராம். கணவர் லிபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. யாராவது அதைக் கேட்டால், "அங்க வெயில் நல்லா இருக்கும் போல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எந்திரத்தின் இரைச்சலில் இடது காது போய்விட்டது. வேண்டாத பேச்சு என்றால் அந்தக் காதைத்தான் திருப்புவார்.

நான் சோபியாவில் சுரங்கக் கல்லூரியை முடித்து, குவாரியின் சோதனைக்கூடத்துக்கு வேலைக்கு வந்தேன். ராஷ்கோ அங்கே கல்லை நொறுக்கும் கிரஷரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். எங்கள் கல்யாணத்தில் விடிய விடிய ஆடியவர்களில் அக்காவும் ஒருவர்.

அக்காவின் எந்திரத்தில் கல்லை அள்ளும் வாளிக்கு ஐந்து பற்கள். கிரஷரின் தாடைத் தகடுகளைப் போலவே அவையும் மாங்கனீசு கலந்த வார்ப்பெஃகு. புதிதாக வரும்போது அது அப்படியொன்றும் கடினமாக இருக்காது. உளி வைத்துத் தட்டினால் தடம் விழும். கல்லில் மோத மோதத்தான் அதன் மேற்புறம் இறுகும். இறுகிய தோல் தேய்ந்தால், அடியில் இருப்பது அடி வாங்கித் தானும் இறுகிக்கொள்ளும். உள்ளே இளக்கம் மிச்சமிருப்பதால் லேசில் உடையாது. ரயில் நிலையத்தில் தண்டவாளங்கள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் இடத்தில் போட்டிருப்பதும் இந்த எஃகுதான். அங்கே ஒவ்வொரு சக்கரமும் அதை அடித்துவிட்டுத்தான் போகிறது. ஆனால் அடியில்லாமல் வெறுமனே உரசல் மட்டும் இருக்கிற இடத்தில் இது சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் ஜல்லி வழுக்கிப்போகும் சரிவுகளுக்கும் டிப்பர்களின் அடித்தட்டுக்கும், ஆலையிலேயே இறுக்கி அனுப்பிய வேறு தகட்டைப் போட்டிருந்தோம். மாங்கனீசு எஃகுக்கு இன்னொரு குணம் உண்டு. காந்தம் அதைப் பிடிக்காது.

டிப்பர் ஒவ்வொன்றும் நிரம்பியதும் அக்கா வாளியைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஒருமுறை பார்ப்பார். வாக்கி டாக்கியில் குரல் வரும்: "பல்லு சரியா இருக்கு, வண்டி கிளம்பலாம்." அந்தக் காலத்திலேயே அக்காவின் வாயில் முன்பற்கள் இரண்டு இல்லை. டிரைவர்கள் விடுவார்களா? "எந்த வாயைச் சொல்றீங்க அக்கா?" என்பார்கள். "உன்னைக் கடிக்கிற வாயைடா" என்று பதில் வரும்.

எங்களுக்குக் கல்யாணமான வருடத்துப் பனிக்காலம். கீழே சிமெண்டு ஆலையின் ரயில் பெட்டிகள் காத்திருந்தன. பகல் ஷிப்ட் தலைவர் டேனெவ் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பனித்துகள் அப்பிக் கிடந்ததால் வாளியின் முகம் தெரியவில்லை. அக்கா ஒரு வண்டியை நிரப்பி அனுப்பிவிட்டு, இறங்கிப் போய் கையால் துடைத்துப் பார்த்திருக்கிறார். ஓரத்துப் பல் கழுத்தோடு முறிந்து போயிருந்தது. வார்ப்புக்குள் குமிழ் இருந்தால் சில சமயம் அப்படி நடக்கும்.

நான் நொறுங்கிய கல் ஓடும் பெல்ட்டின் அருகே மாதிரிக்கல் எடுத்துக்கொண்டிருந்தேன். டேனெவின் வாக்கி டாக்கியில் அக்காவின் குரல் கேட்டது.

"கிரஷரை நிறுத்துங்க. என் பல்லு ஒண்ணு வண்டியில வருது."

"பெல்ட்டுக்கு மேல காந்தம் எதுக்குத் தொங்குது, வெலிகா? அது தூக்கிக்கும்."

"அந்தக் காந்தம் இந்தப் பல்லை மோந்துகூடப் பாக்காது. அதுவும் தாடையைத் தாண்டித்தானே தொங்குது? நிறுத்துங்க!"

நிறுத்தத் தேவையே இருக்கவில்லை. வண்டி அதற்குள் கொட்டிவிட்டிருந்தது. கிரஷர் ஒருமுறை உறுமிவிட்டுத் தானாகவே நின்றது.

பெரிய கல் சிக்கி நிற்பது அங்கே வாரந்தோறும் நடப்பதுதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே இறங்கிச் சம்மட்டியால் இரண்டு போடு போட்டால் கல் பிளந்துவிடும். கிரஷரின் இரைச்சலில் அக்கா சொன்னது ராஷ்கோவுக்குக் கேட்டிருக்கவில்லை. அவர் வாக்கி டாக்கியைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, சம்மட்டியோடு கிரஷர் வாயின் விளிம்பில் ஏறினார். டேனெவ் கூப்பிட்டது காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கல்லைத் தட்டினால் கல் உடையும். இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுகி நிற்கிற எஃகு உடையாது. மின்சாரம் நின்றாலும் தாடைகள் அதை நெரித்துக்கொண்டேதான் இருக்கும். தட்டிய இடத்தில் பிடி நழுவினால் குண்டுபோலக் கிளம்பும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது எஃகு என்பது ராஷ்கோ ஒருவருக்குத்தான் தெரியாது.

அக்கா திரும்பிப் போகிற காலி டிப்பர் ஒன்றை மறித்து, அதன் படியில் தொற்றிக்கொண்டு வந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்தார். ராஷ்கோவின் ஒரு கால் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

"டேய் ராஷ்கோ! காலை வெளிய எடுடா!"

"கல்லுதான்க்கா. ரெண்டே தட்டு."

"கல்லு இல்ல. என் பல்லு."

"அது போன வருஷமே விழுந்துடுச்சே!"

"சிரிக்காத! புதுப் பொண்டாட்டி அங்க நிக்கிறா பாரு. அவ முகத்தைப் பாத்துட்டு அப்புறம் இறங்கு."

ராஷ்கோ என்னைப் பார்த்தார். காலை எடுத்தார்.

டேனெவுக்கு அவசரம். மோட்டாரை ஒரு நொடி தட்டிப் பார்த்தால் விழுங்கிவிடும் என்றார். அக்கா போய் சுவிட்சுப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறிக்கத் தொடங்கினார்.

"என்னைத் தூக்கிப் போட்டுட்டு சுவிட்சைப் போடுங்க தலைவரே. நான் லேசுப்பட்ட எடை இல்ல, ஆள் கூட்டிட்டு வாங்க."

டேனெவ் கெட்டவர் இல்லை. எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். கிரஷரின் பெரிய சக்கரத்தில் கம்பிவடம் கட்டி, தூரத்திலிருந்து டிப்பரால் பின்னோக்கி மெல்ல இழுத்தார்கள். முதலில் ஒரு முனகல். பிறகு வெடிச் சத்தம். ராஷ்கோ நின்றிருந்த விளிம்பின் இரும்புக் கம்பி வில்போல வளைந்து கிடந்தது. கூரைத் தகட்டில் ஓட்டை. பல் பனியில் போய் விழுந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இப்ப போடுங்க சுவிட்சை."

எங்கள் மகள் அடுத்த இலையுதிர்காலத்தில் பிறந்தாள். ஒவ்வொரு சுரங்கத் தொழிலாளர் தினத்திலும் ராஷ்கோ பிளம் பழச் சாராயமான ரக்கியா ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவார். "ஒரு உயிருக்கு ஒரு பாட்டில்தானாடா? நீ அவ்வளவு மலிவா?" என்று அக்கா கேட்பார். இருவரும் சேர்ந்து அதைப் பாதி முடித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற நாளில் இயக்குநர், வெலிகா எஃகைப் போன்றவர் என்று பேசியபோது, அக்கா நல்ல காதை அவர் பக்கம் திருப்பி, "போற வர்றவனெல்லாம் அடிச்சாத்தான் அதுக்குப் பலம். எனக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். 

ஓய்வுக்குப் பின் அக்காவுக்கு ஒரே ஒரு தொல்லை, பக்கத்து வீட்டு ஆடுகள். வாசல் கதவு தானாக மூடாது. ஆடுகள் புகுந்து முட்டைகோஸைத் தின்றுவிட்டுப் போகும். கதவை இழுத்து மூட, சங்கிலியில் கனமாக எதையாவது தொங்கவிட வேண்டும். போன வசந்தத்தில் அக்கா எங்கள் கொட்டகைக்கு வந்து, ராஷ்கோ பத்திரமாக வைத்திருந்த அந்தப் பல்லைக் காட்டினார்.

"இதுல ஒரு ஓட்டை போட்டுக் குடு. சங்கிலிய சும்மா கட்டினா நழுவிடும்."

"கேஸ் டார்ச்சு வெச்சு ஊதிட்டா அஞ்சு நிமிஷ வேலைக்கா."

"நெருப்புக் காட்டாத. சூடு பட்டா நொறுங்கிப் போகும். பச்சையா ஓட்டை போடு."

பச்சையாகப் போடுவதுதான் கஷ்டம். டிரில்லின் பிட் சுழலச் சுழல அதன் கீழே எஃகு இறுகிக்கொண்டே போகும். கோடை முழுவதும் ராஷ்கோ மெதுவாக, அழுத்தி, எண்ணெய் விட்டு முயன்றார். எத்தனை பிட் எரிந்ததென்று சொல்ல மாட்டார். அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உன்னைக் காப்பாத்த எனக்கு அரை மணி நேரம்தான் ஆச்சு. ஒரு ஓட்டைக்கு உனக்கு ஒரு கோடையா?" என்பார். ராஷ்கோ சிரித்துக்கொண்டே அடுத்த பிட்டை மாட்டுவார். அவர் அவ்வளவு சந்தோஷமாகத் தோற்று நான் பார்த்ததில்லை.

இன்று அக்காவின் வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே இருந்தது. ஊரே வந்தது. அடக்கத்துக்குக் கொண்டுபோகும் வழக்கப்படி கோதுமை வேகவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதன் மேல் சர்க்கரையை நான்தான் தூவினேன். டேனெவின் மகள் பூ வைத்தாள். என் மகள் வர்னாவிலிருந்து பேருந்து பிடித்து வந்து, யாரும் சொல்லாமலே சவப்பெட்டியின் காலடியில் போய் நின்றாள். நன்றி சொல்ல எனக்கு வேறு வார்த்தை தேவைப்படவில்லை.

திரும்பி வந்ததும் ராஷ்கோ உடை மாற்றாமல் கொட்டகைக்குப் போனார். டிரில் ஓடும் சத்தம் சிறிது நேரம் கேட்டது. பிறகு நின்றது. அவர் படுத்த பின் போய்ப் பார்த்தேன். பல் பட்டறை மேசையின் பிடியில் மாட்டியபடியே இருக்கிறது. துளை ஒரு விரல்நகத்தின் ஆழம்தான் இறங்கியிருக்கிறது.