கறுப்பு விளக்கும் என் கீழுதடும்

1. தட்டில் ஒரு பொட்டு

கான்டீன் தட்டுகளில் ஒன்றின் அடியில் சிவப்பு பெயின்ட்டால் பொட்டு வைத்து, அதை எனக்கென்று ஒதுக்கிய அன்றுதான் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று எனக்கு உறைத்தது. அது 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், சுற்றிலும் இன்னும் நெல் வயலாக இருந்த இடத்தில், லாரிக்கு வேண்டிய இரும்புப் பாகங்கள் செய்யும் கம்பெனி. அங்கே நான் ட்ரெய்னி. வேலை நிரந்தரமாக இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி இருந்தது. அந்தக் கொஞ்ச நாளில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் போல இருந்தது.

பொட்டு வைத்தவன் முனுசாமி. கெட்டவன் இல்லை. நான் வேலை பார்த்த அதே பூத்தில் அடுத்த ஷிப்ட் பார்ப்பவன்.

"வாத்தியாரே, தப்பா எட்த்துக்காத. வூட்ல பச்சக் கொயந்த கீது. உன் வாய்ல எப்பப் பாத்தாலும் இன்னாவோ வந்துகினே கீது. எனக்கு பயமா கீதுப்பா."

என் கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம் வரும். முதலில் சுருக் சுருக்கென்று குத்தும். மறுநாள் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் உடைந்து பொருக்குத் தட்டும். சின்ன வயதிலிருந்தே வருவதுதான், ஆனால் காய்ச்சல் அடித்தாலோ வெயிலில் அலைந்தாலோ எப்போதாவது ஒரு தரம் வந்துவிட்டுப் போய்விடும். இந்தக் கம்பெனிக்கு வந்த பிறகு ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். சாம்பார் பட்டால் உயிர் போகும். சிரித்தால் வெடிக்கும், அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டேன். சிரிக்கும்படி அங்கே ஒன்றும் நடக்கவும் இல்லை என்பது வேறு கதை.

எய்ட்ஸ் என்ற வார்த்தை அப்போதுதான் பேப்பரில் அடிபட ஆரம்பித்திருந்தது. யாருக்கும் அது என்னவென்று தெரியாது, ஆனால் எல்லோருக்கும் அது எனக்கு இருக்கிறது என்று தெரிந்திருந்தது. கல்யாணமாகாத பையன், தனி ரூமில் இருக்கிறான், வாயெல்லாம் புண். வேறென்ன வேண்டும்? நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துபோவார்கள். ஒருத்தரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

2. பூத்

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே சொல்வது விளங்காது.

இரும்பை அடித்து வளைத்துச் செய்த பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அது லாரியில் ஏறினால் ஓடும்போது உடையும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் கரன்ட் கொடுத்து காந்தமாக்கி, அதன் மேல் ஒரு திரவத்தை ஊற்றுவோம். பாத் என்போம். அதில் மிக மெல்லிய இரும்புத்தூள் கலந்திருக்கும். வெடிப்பு இருந்தால் தூள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு லைட்டில் பார்த்தால் பச்சையாக மின்னும். கறுப்பு லைட் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் விடும் பெரிய பல்பு. அதன் முன்னால் கறுப்பு ஃபில்டர் கண்ணாடி ஒன்று இருக்கும். மற்ற வெளிச்சம் வரக்கூடாது என்று சுற்றிலும் கறுப்புத் திரை தொங்கும். அதுதான் பூத். உள்ளே ஒருத்தன்தான் நிற்கலாம்.

எட்டு மணி நேரம் அந்த இருட்டில் நானும் இரும்பும்தான். வெளியே மிஷின் சத்தம் கேட்கும், ஆட்கள் சிரிப்பது கேட்கும், யாரும் திரையை விலக்க மாட்டார்கள். முன்பெல்லாம் டீ வந்தால் முனுசாமி தலையை நீட்டிக் கூப்பிடுவான். பொட்டு வைத்த பிறகு டீ கிளாஸ் திரைக்கு வெளியே தரையில் இருக்கும். பார்க்கும்போது ஆறிப்போயிருக்கும்.

3. காவி

எங்கள் சூப்பர்வைசர் கோதண்டம். குரல் பெரிசு, மனசு இளகினது. ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"யோவ், இது அக்கிய்யா. கண்ட டாக்டராண்ட போயி ஊசி போட்டுக்காத. செம்பரம்பாக்கத்துல பானை செய்யறவர் ஒருத்தர் கீறாரு. போயி அக்கி எயுதிக்கினு வா. மூணு வேளை எயுதுனா ஓடிப்பூடும்."

போனேன். வேறு வழி தெரிந்தால்தானே? அந்தப் பெரியவர் காவியைக் குழைத்து, அக்கி எழுதுகிற வழக்கப்படி கோழி இறகால் என் மோவாயில் சிங்கம் ஒன்று வரைந்தார். உதட்டைச் சுற்றிப் பட்டையாகப் பூசினார். காசு வாங்கவில்லை. உப்பு புளி சேர்க்காதே என்றார். காவி காய்ந்ததும் எரிச்சல் கொஞ்சம் அடங்கினாற்போல் குளிர்ச்சியாக இருந்தது. அதைவிட, அத்தனை நாளில் ஒரு மனுஷன் தயங்காமல் என் முகத்தைத் தொட்டதே எனக்குப் பெரிதாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. காவி கரைந்துவிடும் என்று துடைக்காமல் இருந்தேன்.

மறுநாள் மோவாயில் சிங்கத்தோடு ஷிப்டுக்குப் போனால், எழுதிக்கொள்ளச் சொன்ன அதே கோதண்டம் அலறுகிறார்.

"அடப்பாவி! காவியும் இரும்புத்தூளுதான்யா! உதுந்து பாத்ல விய்ந்துச்சுன்னா மொத்த பாத்தும் நாறிப்பூடும். கயுவிட்டு வா!"

குழாயடியில் நின்று சிங்கத்தைக் கழுவினேன். வேலைக்கூடம், நாங்கள் ஷாப் என்போம், மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அந்த வாரக் கடைசியில் கொப்புளம் மூக்கு வரைக்கும் ஏறியது. நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, கம்பெனி டாக்டரைப் பார்த்து ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் இனி ஷிப்ட் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. டாக்டரம்மா

ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். அதிகம் பேசமாட்டார். என் உதட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க அப்பாவுக்கு இப்படி வருமா?"

வரும். பங்குனி உற்சவத்தில் வெயிலில் தேர் இழுத்துவிட்டு வந்தால் அப்பாவின் உதடு வீங்கிவிடும். அக்காவுக்குப் பரீட்சை வந்தால் வரும். எங்கள் வீட்டில் அதற்குப் பேரே கிடையாது, பல்லி எச்சில் என்று சொல்லி விபூதி வைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

"இது ஹெர்பிஸ்னு ஒரு கிருமி. நீங்க பயப்படற வியாதி இல்ல. சின்ன வயசுலயே முக்காவாசிப் பேருக்கு ஒட்டிக்கும். நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும், சாகற வரைக்கும் போகாது. சில பேர் உடம்பு அதை எழுந்திரிக்கவே விடாது. சில பேருக்கு லேசா ஏதாவது தட்டினாலும் எழுந்துடும். அது பிறவியிலயே அமையற வாகு, குடும்பத்துல வரும். உங்க அம்மாகிட்டயும் கிருமி இருக்கலாம், அவங்க உடம்பு அதைத் தூங்க வெச்சிருக்கு. நீங்க அப்பா வாகு."

"அப்ப என் தலையெழுத்தா மேடம்?"

"வாகு சின்ன வயசுலேர்ந்து இருக்கே. இந்த அஞ்சாறு மாசமா மட்டும் ஏன் இப்படி? எது தட்டி எழுப்புது? வெயில்ல வேலையா?"

"வெயிலே கிடையாது மேடம். இருட்டுல வேலை. கறுப்பு லைட்டு மட்டும்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த லைட்டைக் கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. அன்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றினோம். ஃபில்டர் கண்ணாடியின் மேல் பகுதியில் குறுக்காக ஒரு விரிசல். நான் வேலைக்குச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் உடைந்ததாம். ஃபாரின் சாமான், வருவதற்கு மாசக்கணக்காகும் என்று எலக்ட்ரீஷியன் பசை வைத்து ஒட்டியிருக்கிறான். பாகத்தில் வெடிப்பு பச்சையாகத் தெரிந்துகொண்டுதானே இருந்தது, அதனால் லைட் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பசை காய்ந்து விட்டுப்போய், அந்தச் சந்து வழியாக, கண்ணாடி தடுத்திருக்க வேண்டிய, நடுப்பகல் வெயிலில் இருக்கிற கதிர் நேரே என் முகத்தில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. மூன்று ஷிப்டிலும் நாள் முழுக்க வெடிப்புத் தேடுகிற நான், முனுசாமி, பக்கிரி மூன்று பேரும் தலைக்கு மேலே இருந்த வெடிப்பைப் பார்க்கவில்லை. வயிற்றெரிச்சல்!

5. மேனேஜர் ரூம்

எனக்காக டாக்டரம்மாவே மேனேஜரிடம் வந்தார். கோதண்டமும் முனுசாமியும் நின்றார்கள். மேனேஜர் மெதுவாகப் பேசும் ஆள். மறுக்கிறார் என்பதே முதலில் தெரியாது.

"மேடம், சிம்பிளா கேக்கறேன். லைட்தான் காரணம்னா, அதே லைட்ல மூணு ஷிப்ட் மூணு பேர் நிக்கறான். முனுசாமிக்கு வரலை. பக்கிரிக்கு வரலை. இவனுக்கு மட்டும்தான் வருது. அப்ப கோளாறு லைட்லயா, இவன்கிட்டயா?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நானே ராத்திரியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

டாக்டரம்மா முனுசாமியைப் பார்த்து, "உங்களுக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்றார்.

"கண்ணா? ஷிப்ட் முட்சா மண்ணு வாரிக் கொட்னா மாரி உறுத்தும் மேடம். தூக்கம் இல்லாதங்காட்டியும்னு நென்ச்சிகினேன்."

"பக்கிரிக்கு?"

"அவனுக்கு மொகம் தோல் உரியுது மேடம்," என்றார் கோதண்டம் மெதுவாக.

"எல்லாருக்கும் அடி விழுந்திருக்கு சார். ஆளுக்கு ஆள் உடம்பு வேற. இவர் உடம்புல சீக்கிரம் தெரியுது, அவ்வளவுதான். இவரை அனுப்பினா லைட் சரியாயிடாது."

மேனேஜர் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் போடச் சொன்னார். அது வரும்வரை பூத்தை மூடினார்கள். வெளியே வந்ததும் முனுசாமி டாக்டரம்மாவின் பின்னாலேயே ஓடினான். தன் உடம்பிலும் அந்தக் கிருமி இருக்குமா, குழந்தைக்கு முத்தம் கொடுக்கலாமா என்று கேட்டான். இருக்கலாம், புண் இருக்கும்போது மட்டும் யாரும் குழந்தையிடம் போகக்கூடாது என்றார் அவர். அவன் பயந்ததில் பாதி நியாயம் இருந்தது என்று எனக்கும் அப்போது தெரிந்தது. மறுநாள் தின்னர் போட்டுத் தட்டிலிருந்த பொட்டைத் துடைத்தான். ஆனால் என் எதிரே வந்து உட்காரவில்லை. வேறு யாரும்கூட உட்காரவில்லை.

6. கன்ஃபர்மேஷன்

புதுக் கண்ணாடி வந்தது. உதடு ஆறியது. வேலை நிரந்தரமாயிற்று. முனுசாமியும் பக்கிரியும் அந்த லைட் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்று யூனியனிடம் சொல்லி பாகங்களைப் பூட்டும் அசெம்பிளி பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்கள். நானும் கேட்கலாம் என்று மேனேஜரிடம் போனேன். அவர் சிரித்த முகமாக ஆர்டரைக் கையில் கொடுத்தார்.

"நீ பூத்லயே இருப்பா. கதிர் லீக் ஆகுதான்னு பாக்கற மீட்டர் என்ன விலை தெரியுமா? உனக்கு உதட்டுல வந்தா கண்ணாடி போச்சுன்னு அர்த்தம். உன்னை விட நல்ல மீட்டர் எங்க கிடைக்கும்?"

பாராட்டுகிறோம் என்றுதான் அவர் நினைத்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். "சரி சார்" என்றேன்.

அப்படியே வருஷக்கணக்காக அந்தத் திரைக்குள் இருந்தேன். உதட்டில் சுருக்கென்றால் கோதண்டத்திடம் சொல்வேன், உடனே கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். பாதி நாள் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். எனக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், அல்லது தூக்கமில்லாமல் இருந்திருக்கும். அப்போது கண்ணாடியை மறுபடி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் லைனில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வாகு ரத்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று இப்போது படித்தவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். தேடட்டும், நல்லது. உங்கள் ஷாப்பில் ஒருத்தனுக்கு மட்டும் ஏதாவது வந்தால், மற்றவனுக்கு வரவில்லையே என்று மிஷினுக்கு நல்ல பேர் கொடுத்துவிடாதீர்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஆளை ஒதுக்கவும் வேண்டாம், என்னைப் போல மீட்டராக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ரிட்டயர் ஆகும்வரை தினமும் காலையில் ஷாப்பில் யாராவது என் வாயை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், "இன்னாபா, லைட்டு நல்லா கீதா?"

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். நீ நல்லா இருக்கியா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.