படம் போகாத கடிதம்

ஊரில் யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்து ஒரு கிழமை இருக்கும். புலம்பெயர்ந்து வந்து கோல்டிங்கில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் சரோஜினிதேவி, காலை வேலை முடிந்து வந்த கையோடு கணவர் குலேந்திரனின் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். அவர் புரோகிராம் எழுதுகிறவர். எழுதும் அதே கறுப்புத் திரைக்குள்ளேயே ஈமெயிலும் அனுப்புவார். வேறு வழி ஒன்றும் அதில் வைத்திருக்கவில்லை. அவரோ ஊர்வலத்துக்கென்று ஜெனீவா போயிருந்தார்.

வவுனியா ஆஸ்பத்திரியில் காயக்காரரைப் பார்த்துவரும் விக்ரோரியா சிஸ்டரிடம், சண்டையில் காணாமல்போன தம்பியைப் பற்றி விசாரித்திருந்தாள். அவர் எழுதியிருந்தார்: 'தலையில் காயப்பட்ட ஒருவர் கதைக்கிறாரில்லை. உங்கள் தம்பி நிர்மலனாக இருக்கலாம். படம் அனுப்புங்கள்.'

'படம் இதோடு. வலப்பக்கம் நிற்பவன் தம்பி' என்று எழுதி, அடியில் கொம்பியூட்டரில் கிடந்த படத்தின் பெயரையும் தட்டி அனுப்பினாள். படம் வரவில்லையே என்று பதில் வந்தது.

குலேந்திரனுக்குப் போன் எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு சீ, பிறகு அப்பிடியே ஏ. படத்தின்ர பேரைக் கேக்கும். அதைக் குடுத்திட்டு, மிச்சம் என்ன கேட்டாலும் என்டரைத் தட்டும்."

தட்டினாள். படம் எங்கேயும் தெரியவில்லை. கடிதத்தின் நடுவே அம்புக்குறியும் கோடுமாக விளங்காத ஒரு வரிதான் முளைத்திருந்தது. எதையோ பழுதாக்கிவிட்டேனோ என்று பயந்துபோனாள். சிஸ்டருக்குக் குப்பையோடு கடிதம் போகக்கூடாதென்று அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு அனுப்பினாள்.

இந்த முறையும் கடிதம் மட்டும்தான் வந்தது என்றார் சிஸ்டர்.

"பேரைக் குடுத்தாப் பிறகு ஒரு வரி வந்திருக்குமே?" என்றார் குலேந்திரன்.

"ஓம். அதை அழிச்சிட்டன்."

"அதுதானப்பா படம்."

"படமோ? எழுத்தெல்லோ கிடந்தது."

"போகேக்கை படமாய்த்தான் போகும். கையை வையாமல் அனுப்பும்."

திரும்பவும் அதேபோலத் தட்டி, நம்பிக்கையில்லாமல்தான் அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: 'அவர் உங்கள் தம்பி இல்லை. படத்தில் தம்பிக்குப் பக்கத்தில் நிற்பவர். காட்டியதும் தன்னைத் தொட்டுக் காட்டினார்.'

அவள் இத்தனை நாளும் தம்பியை மட்டுமே பார்த்திருந்தாள். பக்கத்தில் நிற்பவன் அவனுடைய கூட்டாளி சுகந்தன். சுகந்தனின் தமக்கை ஞானேஸ்வரி இதே நாட்டில் விபோர்க்கில் இருக்கிறாள். சரோஜினிதேவி போனை எடுத்தாள், வைத்தாள். தேத்தண்ணிக்குக் கேத்தல் போட்டுவிட்டு அதை மறந்தாள். கடைசியில் எடுத்துச் சொன்னாள்.

மறுமுனையில் ஞானேஸ்வரி கனநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "அப்ப நிர்மலன், அக்கா?"

"அவனைப் பற்றி ஒண்டுமில்லை."

"நான் உங்களுக்கு என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லவேண்டாம். சிஸ்டரின்ர நம்பரை எழுதும்."

ஆவணியில் சுகந்தன் கதைக்கத் தொடங்கினான். நிர்மலனைப் பற்றிக் கேட்டபோது, சண்டைக்குள்ளிருந்து தப்பி, இருவரும் கைபிடித்துக் கழுத்தளவு தண்ணிக்குள்ளால் வரும்போது கை விடுபட்டது மட்டும்தான் ஞாபகம் என்றான். யாருடைய கை யாரை விட்டதென்று அவனுக்கும் தெரியவில்லை.