தப்புகளை எழுதிய நோட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். இலுப்பூரில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. என் மனைவிக்கு மூளையின் இடப்பக்கம் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். புற்றுநோய் இல்லை. "கட்டியை முழுசா எடுத்தாச்சு. பேச்சு மெதுவாத்தான் வரும். இனி எல்லாம் வீட்டுலதாங்க இருக்கு" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். எதையும் அளக்காமல் இருக்க வராது. ஒரு நோட்டு வாங்கினேன். மாத்திரை எத்தனை, வாசலிலிருந்து கொல்லை வரை எத்தனை அடி நடந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், எல்லாம் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்தில், அவள் தப்பாகச் சொன்ன வார்த்தைகள். குடையை முருங்கைக்காய் என்பாள். பால்காரரைக் கண்டக்டர் என்பாள். உடனே திருத்திவிட்டுப் பேனாவை எடுப்பேன்.

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினேழு தப்பு. ஆறாவது வாரம் நான்கு. பிறகு ஒன்று. எனக்குப் பெரிய நிம்மதி.

ஐப்பசியில் பேச்சுப் பயிற்சிக்குப் புதுக்கோட்டை போனபோது, பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நோட்டை நீட்டினேன். பாராட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

"ஐயா, தப்பெல்லாம் எழுதியிருக்கீங்க. மொத்தம் எவ்வளவு பேசுனாங்கன்னு எழுதலையே?"

அதை நான் எண்ணவே இல்லை.

அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "வீட்டுல யாருகிட்டம்மா பேசுவீங்க?"

அவள் வெகுநேரம் தேடினாள். "ஆட்டுக்கிட்ட" என்றாள்.

இதுவும் தப்பு என்று என் கை சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போனது. எங்கள் வீட்டில் ஆடு கிடையாது.

"பக்கத்து வீட்டு ஆடு. கொல்லைப்பக்கம் வரும்" என்றாள். பிறகு மெதுவாக, "அது எழுதாதுங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தப்பாப் பேசினாலும் பேசிக்கிட்டே இருக்கணும் ஐயா. பயந்து வாயை மூடிட்டாங்கன்னா, வர வேண்டிய பேச்சும் வராமப் போயிரும்" என்றார்.

திரும்பும்போது மழை. பஸ் ஜன்னல் வழியாக ஒருவரைக் காட்டி, "அங்கிட்டுப் பாருங்க, எம்புட்டுப் பெரிய முருங்கைக்கா" என்றாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஆமா, ரெண்டு பேரு நனையாமப் போகலாம்" என்றேன். அவள் இலுப்பூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

இப்போது அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பேசுகிறாள். தப்பும் வருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அவள் குணமாவதில் நான் செய்த உருப்படியான வேலை.