எண்ணெய் குடித்த பலகை

என் அக்கா செத்த அன்று அத்தான் அழவில்லை. அதற்காக இரண்டு மாதம் அவர்மேல் கோபமாக இருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா இருந்தால் முதலில் அவளே சொல்லியிருப்பாள்.

அத்தானுக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வீடு வீடாகப் போய்ப் பின்பக்கச் சுவரில் இருக்கும் பெட்டியை எட்டிப் பார்த்து எண்களை எழுதிக்கொண்டு வர வேண்டும். மீட்டர் இருக்கும் மூலையில்தான் ஜனங்கள் உடைந்த சாமான்களையும் போட்டு வைப்பார்கள். இவர் மீட்டரைப் பார்த்த நேரத்தைவிட அந்தக் குவியலைப் பார்த்த நேரம்தான் அதிகம். "இது உங்களுக்கு வேணுமா?" என்று மெதுவாகக் கேட்பார். தொல்லை விட்டது என்று கொடுத்துவிடுவார்கள். மூன்று காலோடு வரும் நாற்காலிக்கு நான்காவது காலை வேறு எதிலிருந்தாவது அறுத்துப் பொருத்துவார். நான் பெயிண்ட் கடையில் விற்பனையில் இருக்கிறேன். எங்கள் கடையில் அவருக்குப் பெயரே 'நாலாங்கால்'தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை ஒருநாள் அக்காவிடம் உளறிவிட்டேன்.

"உன் வீட்டு நாற்காலி வாங்கின நாள்லேர்ந்து ஆடுது. இவர் செஞ்சது எதாவது ஆடுதா, உக்காந்து பாத்துச் சொல்லு" என்றாள். உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை.

அவர்கள் வீட்டுக் கட்டிலும் அப்படி வந்ததுதான். கல்யாணமான புதிதில், மூடப்போகும் விடுதி ஒன்றின் வாசலில் கட்டிலின் தலைமாட்டுப் பலகை கிடந்திருக்கிறது. நல்ல தேக்கு. ஒரு முனையை அவரும் மறு முனையை அக்காவும் பிடித்துக்கொண்டு மூன்று தெரு நடந்து கொண்டுவந்தார்கள். பழைய கதவுச் சட்டத்தில் கால் செய்து, கிடைத்த பலகைகளை அடுக்கிக் கட்டிலாக்கினார். இருபத்தாறு வருடம் அதில்தான் படுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எட்டாம் நாள் மீட்டர் பார்க்கக் கிளம்பிவிட்டார். "என்ன அத்தான், உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் தோணல மாப்ள" என்றார். "சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரி இல்ல. தூங்கினா தூங்கின மாதிரியும் இல்ல. அவ்ளோதான்."

கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அவருக்கு ஒரே மகள். ஏழு மாதக் கர்ப்பம். தரையில் படுத்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. புதுக் கட்டில் வாங்க அவள் புகுந்த வீட்டில் வழியில்லை. "அப்பா, நம்ம கட்டில எனக்குக் குடுக்கறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பாலிஷ் போட்டுத் தரேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டுவாம்மா" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

உப்புத்தாளும் வார்னிஷும் என்னிடம்தான் வாங்கினார். கட்டிலைக் கழற்றிப் பழைய வார்னிஷைச் சுரண்டினார். ஆணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். முரட்டுத் தாளில் ஆரம்பித்து நைசான தாள்வரை பொறுமையாகத் தேய்த்தார். வேலை சுத்தம், அதில் நான் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை வார்னிஷ் அடித்தார். மறுநாள் எல்லாம் காய்ந்துவிட்டது, தலைமாட்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஓர் இடம் தவிர. அங்கே மட்டும் பிசுபிசுத்தது.

போய்ப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அக்கா அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்து, தையல்காரருக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். தலை நிறைய எண்ணெய் வைக்கிறவள். இருபத்தாறு வருட எண்ணெயைப் பலகை குடித்திருந்தது. அதன்மேல் வார்னிஷ் எப்படிக் காயும்?

"இது ஒரு விஷயமே இல்ல அத்தான். தின்னர் போட்டு நல்லாத் துடைச்சிட்டு, அரக்குப் பாலிஷ் ரெண்டு கோட்டு குடுங்க. எண்ணெய் மேல வராம அடைச்சிடும். அப்புறம் வார்னிஷ் அடிங்க."

"பாக்கலாம்" என்றார்.

புதன்கிழமை போனில் கேட்டேன். "காஞ்சுதா?" "இல்ல." வியாழக்கிழமை கேட்டேன். "இல்ல மாப்ள." அரக்குப் பாலிஷ் வாங்க அவர் கடைப்பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நிற்கும், பிள்ளைத்தாச்சி பிசுபிசுக்கிற கட்டிலிலா சாய்வாள்? வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானே பாட்டிலோடு போனேன். அவர் மீட்டர் பார்க்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன்.

அந்த இடம் முழுக்க விரல் தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. காலையில் வைத்த தடம்கூடப் புதிதாக இருந்தது. காய்ந்ததா காய்ந்ததா என்று சும்மா தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர்களைக் கடையில் தினமும் பார்க்கிறேன். முப்பது வருடம் மரத்தோடு மல்லுக்கட்டிய மனுஷருக்கு இந்தப் பொறுமைகூட இல்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். தின்னரை ஊற்றி, பழைய துணி மூன்று கறுக்கும்வரை துடைத்தேன். அரக்கு இரண்டு கோட்டு. அது காய்ந்ததும் வார்னிஷ், பலகை முழுக்க ஒரே சீராக. நானே செய்தது என்பதால் சொல்லவில்லை, கண்ணாடியாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கை வைக்காதீங்க" என்றேன்.

"சரி" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பாராட்டு வாங்கத்தான் போனேன். அத்தான் தலைமாட்டுப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். பலகையில் விரலை வைத்து அழுத்தினார், எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்சம் தள்ளி மறுபடி வைத்தார், மறுபடி முகர்ந்தார். அந்தத் தடங்கள் எதற்கு வந்தவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை.

"நல்லாக் காஞ்சிடுச்சு மாப்ள" என்றார். "புள்ளைக்கு உறுத்தாது."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்த எண்ணெய் எந்த இடத்துல இருந்துச்சு? எனக்குத் தெரியலையே."

குனிந்து பார்த்தேன். பலகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மாதிரி மின்னியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவன்போல ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் நகர்ந்து வந்து, அங்கே தலையைச் சாய்த்துக்கொண்டார்.