ரிஜிஸ்டரில் இல்லாத பேர்

பத்தாவது தேறாதவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மச்சானை நினைத்தால் வரும் எரிச்சலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

போன வருஷம் மே மாதம். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறோம். பன்னிரண்டாவது முடித்த மகள், சேசு சபைச் சாமியார்கள் நடத்தும் பழைய கல்லூரியில்தான் வேதியியல் படிப்பேன் என்று வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை.

விண்ணப்பத்தை நிரப்பியவன் அந்த மச்சான்தான், என் மனைவியின் தம்பி. 'தந்தையின் படிப்பு' என்ற இடத்தில் பி.ஏ. என்று எழுதிவிட்டான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"சும்மா இரு மாமா. வெள்ளக்கார சாமியாருங்க கட்டுன காலேஜி. பத்தாவது ஃபெயிலுனு போட்டா கேட்டுக்குள்ள வுடுவானா?"

எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். மகளுக்கும் பிடிக்கவில்லை, நான் போட்டுவிட்டதால் அப்படியே அனுப்பினாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கூடவே தொற்றிக்கொண்டு வந்த மச்சான், வழியெல்லாம் எனக்கு பி.ஏ. நடை சொல்லிக்கொடுத்தான். கல்லூரித் தாழ்வாரம் முழுக்கத் தாடி வைத்த பழைய சாமியார்களின் படங்கள். கீழே எழுதியிருந்ததை மகள் படித்தாள். "கப்பல்ல வந்து, தமிழ் கத்துக்கினு, இங்கயே செத்துப்போயிருக்காங்கப்பா. ஊருக்குத் திரும்பவே இல்ல." மச்சான் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே நேர்காணல் நடத்திய ஃபாதர் சாதாரணமாகத்தான் கேட்டார். "பி.ஏ. எங்க படிச்சீங்க?"

மச்சான் முந்திக்கொண்டான்.

"இதே காலேஜிதாங்க ஃபாதர்!"

அவனை அங்கேயே அறைந்திருக்கலாம்.

ஃபாதர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பழைய மாணவரா!" அலமாரியிலிருந்து தடித்தடியாக ரிஜிஸ்டர்களை எடுத்தார். கல்லூரி தொடங்கிய நாள் முதல் சேர்ந்தவர்கள் பேரெல்லாம் அதில் இருக்கிறதாம். ஆகப் பழையதைப் பெருமையாகத் திறந்து காட்டினார்.

"தகப்பன் தொழிலைப் பாருங்க. விவசாயம், தறி, விவசாயம். இவங்க அப்பா யாரும் காலேஜ் வாசலைப் பார்த்ததில்ல. சரி, நீங்க எந்த வருஷம்?"

மச்சான் வாய்க்கு வந்த வருஷத்தைச் சொன்னான். ஃபாதரின் விரல் வரிசையாகப் பேர்களின் மேல் இறங்கியது. மகள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தேடாதீங்க ஃபாதர்," என்றேன். "அதுல என் பேரு இருக்காது. நான் பத்தாவது ஃபெயிலு."

"மாமா தமாஷ் பண்றாருங்க," என்றான் மச்சான்.

"இல்ல ஃபாதர். அப்பா சொல்றதுதான் நெசம்," என்றாள் மகள்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல முதல்முதலா படிக்க வர்ற பிள்ளைக்குன்னே இடம் ஒதுக்கியிருக்கோம். பி.ஏ.ன்னு போட்டு, பொண்ணை நீங்களே பட்டியல்ல கீழே தள்ளிட்டீங்க. பொய் சொன்னதுக்கு இப்பவே அனுப்பியிருப்பேன். நீங்களா சொன்னதால ஒரு வாரம் தரேன். முதல் பட்டதாரி சான்றிதழோட வாங்க."

திரும்பும் பஸ்ஸில் மச்சான் சொன்னான்: "பாத்தியா மாமா, நான் வந்ததாலதான் காரியம் முடிஞ்சிது."

மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள். நான் எதற்கு வெட்கப்பட்டு மறைத்தேனோ, அதைப் போக்கத்தான் அந்தத் தாடிச் சாமியார்கள் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

நேர்காணலுக்கு மறுநாள், மச்சானை வீட்டிலேயே விட்டுவிட்டு அந்தச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனேன். தந்தையின் படிப்பு என்ன என்று கேட்டார்கள். பத்தாவது ஃபெயில் என்றேன்.