லூசி கேட்ட கேள்வி

ஆசியப் பண்பாடுகளைத் துணைப்பாடமாக எடுத்தேன் என்றதும் அம்மா சிரித்தார். "எங்களைப் பற்றிப் படிக்க யுனிவர்சிட்டிக்குப் போகவேணுமோ? கடைக்கு வாவன்!"

சுலபமாகப் புள்ளி கிடைக்கும் என்றுதான் நானும் எடுத்தேன். புலம்பெயர்ந்த ஒருவரைப் பேட்டி காணச் சொன்னார்கள். கூடப் படிக்கும் லூசியை, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அம்மா வேலை செய்யும் புடவைக் கடைக்கே கூட்டிப்போனேன். அவள் பிரெஞ்சில் கேட்க, நான் மொழிபெயர்த்தேன்.

"சின்ன வயதில் என்ன வேலைக்குப் போக ஆசைப்பட்டீர்கள்?"

ஆசிரியை என்பார் என்று நினைத்தேன். அம்மா மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார்.

"பஸ் ஓட்ட ஆசைப்பட்டனான். வீட்டிலை எல்லாரும் சிரிச்சவை. பிறகு ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

லூசி என் முகத்தைப் பார்த்தாள். "நான் பஸ் ஓட்ட ஆசைப்பட்டேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அம்மாவின் ஆசை என் வாயில் 'நான்' என்று வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"இப்போதும் ஓட்டலாமே!" என்றாள் லூசி. அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கே விளங்கிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர் படிக்கிறோம். அம்மா பெர்மி எனும் ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கிறார். விடையைப் பிழையாகச் சொல்லிவிட்டு, "கேள்விதான் பிழை" என்று சண்டைக்கு வருகிறார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, கேள்விகளை நான்தான் கேட்கிறேன்.