கோலத்தில் விழாத எண்ணெய்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் தினமும் காலையில் ஒரு கறுப்புக் கறை இருக்கும். என் கணவருடைய மோட்டார் சைக்கிள் ராத்திரி முழுக்க நின்று சொட்டிவிட்டுப் போகிற எஞ்சின் எண்ணெய். நான் தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டு, அதன் மேலேயே கோலம் போடுவேன். சற்று நேரத்தில் மாவு எண்ணெயைக் குடித்து, அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகித் தெற்கேயிருந்து வந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த ஊரில் அவரை விட்டால் எனக்கு வேறு நாதி கிடையாது.

அவர் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். மீன் வலைக்கான நைலான் நூல் விற்றுக்கொண்டிருந்தார். நூல் கண்டுகளைச் சாக்கில் திணித்துப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினால் கடலோரத்து நொச்சிக்குப்பம். வாரத்தில் சில நாட்கள் அடையாறு பாலத்தையும் தாண்டி ஊரூர்க் குப்பம். வீடு பார்க்க வந்தபோது ‘நூல் வியாபாரம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முன்கட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாள் தையல் நூல் என்று நினைத்துக்கொண்டார். வண்டியிலிருந்து கருவாட்டு வாடை வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அதற்குள் நாங்கள் பால் காய்ச்சிக் குடித்தனம் வந்துவிட்டோம்.

வாடையைக்கூட அந்த அம்மாள் பொறுத்துக்கொண்டார். கறையைத்தான் பொறுக்க முடியவில்லை.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோலத்துல கறுப்பு விழுந்துண்டே இருக்கு. ஆத்துக்கு ஆகாதும்மா. ஒன் ஆம்படையான்கிட்ட சொல்லி வை” என்றார் ஒரு நாள். ‘ஆகாது’ என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. யார் வீட்டுக்கு ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

உண்மையில் எனக்கு அந்தக் கறை வேண்டியதாக இருந்தது. கோலம் போடும்போது அதன் அகலத்தைப் பார்ப்பேன். புளியங்கொட்டை அளவில் இருந்தால் பேசாமல் இருப்பேன். தோசைக்கல் அளவுக்குப் பரவியிருந்தால், “இன்னைக்குக் கூட ஒழுகியிருக்குங்க” என்பேன். அவர் மாலையில் மெக்கானிக்கிடம் விட்டு எதையோ இறுக்கிக்கொண்டு வருவார். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

குப்பத்து மணலில் புதைந்து கிடக்கும் கல்லும் இரும்பும் எஞ்சினின் அடிவயிற்றில் இடிக்கின்றன என்று அவர் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளுக்குப் போய், எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய ஓர் அடித்தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சினுக்குக் கீழே பூட்டுகிற கனத்த இரும்புத் தகடு. துருப் பிடித்திருந்தது. சேறும் எண்ணெயும் வடிவதற்காக அதில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அவர் அதை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோய், துளைகளையெல்லாம் பற்றவைத்து அடைத்து, ஓரங்களையும் மேல்நோக்கி மடித்து வாங்கி வந்தார். பின் ஓரத்தை மட்டும் விரலளவுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. அங்கே சக்கரம் இடித்தது.

“பாத்தியா, தாம்பாளம் மாதிரி கீது. இனிமே ஒரு சொட்டு கீய வியாது. அந்தம்மா வாயி மூடிக்கும்” என்றார்.

“தாம்பாளம் ரொம்பிட்டா என்ன செய்வீங்க?”

“ஞாயித்துக்கெயம கயட்டி ஊத்திட்டு மாட்ட வேண்டிதுதான்.”

பதில் சரியாகத்தான் இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் பெயிண்ட் அடிக்கும் படலம். உப்புக்காற்றில் எந்தப் பெயிண்டும் ஒரு மழைக்காலம் தாங்காது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. கிணற்றடியில் தகட்டைப் போட்டு மண்ணெண்ணெயால் கழுவினார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். உப்புத்தாளால் துரு போகச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகப் பளபளத்த பிறகும் விடாமல் சுரண்டினார். அதற்குப் பிறகு அதை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது, கைப்பிசுக்கு பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று உத்தரவு. முதலில் செங்காவி நிறத்தில் ரெட் ஆக்சைடு. காய்ந்ததும் தண்ணீர் தொட்டு மறுபடி உப்புத்தாள். அதன் மேல் கறுப்பு எனாமல், மெல்லிசாக, ஒன்று காய்ந்த பின் ஒன்று. நடுநடுவே என் கரி அடுப்பைப் பிடுங்கிக்கொண்டுபோய், தகட்டைக் கம்பியில் தொங்கவிட்டுச் சூடு காட்டினார். அன்று வடித்த சோற்றில்கூடப் பெயிண்ட் வாடை. எனக்குத் தாலி கட்டியபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு பயபக்தி இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

தகட்டை வண்டியில் பூட்டிய பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. உப்பு முதலில் அரிப்பது போல்ட்டைத்தான் என்று, நான்கு போல்ட்டின் தலைக்கும் மேலேயே எனாமலைக் குழைத்துப் பூசினார். காய்ந்ததும் எது போல்ட், எது தகடு என்றே தெரியவில்லை. அதைத்தான் பெருமையாக எல்லோரிடமும் காட்டினார்.

மறுநாள் காலை வாசல் சுத்தமாக இருந்தது. கோலம் சாயங்காலம் வரை வெள்ளையாகவே கிடந்தது. வீட்டுக்கார அம்மாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். பழகின சத்தம் திடீரென்று நின்றுபோனால் காது அதையே தேடுமே, அந்த மாதிரி என் கண் அந்தக் கறையைத் தேடியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஸ்பானரைப் போல்ட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

“கயட்டலையா?”

“கயட்டுனா பெயிண்ட் பேந்துடும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அடுத்த வாரமும் பெயிண்டுதான் ஜெயித்தது. அதற்கடுத்த வாரம் அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. டப்பாவைச் சாய்த்து அவர் ஊற்றுவதைப் பார்த்தபடி நிற்பேன். ஊற்றுகிற எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கிறது, வாசலில் ஒரு சொட்டு இல்லை. அப்படியானால் அது எங்கேதான் போகிறது?

“எஞ்சின் குடிச்சிகினு கீது. பயய வண்டின்னா அப்டித்தான். நீ இன்னாத்துக்குப் பயப்படறே?” என்பார்.

எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பும்போதெல்லாம் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்கும்வரை எந்த வேலையும் ஓடாது. எரிச்சலாகவும் இருக்கும். ஒரு தகட்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்டுக்காக ஒரு மனுஷி இப்படிச் சாக வேண்டுமா?

துணி துவைக்கும்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. அவருடைய பேண்டின் பின்பக்கம், கெண்டைக்காலுக்கு மேல், பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். நூல் கட்டிய சாக்கின் அடியிலும் அதே புள்ளிகள். எல்லா நாளும் இல்லை. நொச்சிக்குப்பத்தோடு திரும்பிய நாட்களில் துணி சுத்தமாக இருந்தது. ஊரூர் போய் வந்த நாட்களில் மட்டும் புள்ளி. அங்கே போகிற வழியில் வேறென்ன இருக்கிறது என்று யோசித்தேன். பாலம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தாம்பாளம் சாயாமல் போகும். பாலத்தில் ஏறும்போதுதான் வண்டி மூக்கைத் தூக்குகிறது. எண்ணெய் பின்னால் ஓடுகிறது. பின்னால் விரலளவு ஓரம். அதற்கு அந்தப் பக்கம் சக்கரம்.

பேண்டை ஈரத்தோடு எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

“நீ சொல்றது கரெக்டுதான்” என்றார். “ஞாயித்துக்கெயம கயட்டிடறேன். பெயிண்ட் பூனா பூவட்டும், திருப்பி அடிச்சிக்கலாம்.”

“அதுவரைக்கும் பாலத்துப் பக்கம் போகாதீங்க.”

“சரி” என்றார்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை ஊரூரிலிருந்து வலைக்கு அவசரமாக நூல் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவர் என்னிடம் நொச்சிக்குப்பம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். தெருமுனையில் திரும்புகிறபோது கையைக் காட்டினார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை.

பத்து மணிவாக்கில் ஊரூர்க் குப்பத்துக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டைக் கையில் பிடித்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அண்ணன் பாலத்துல ஏறி எறங்கிகினு இருந்தாருக்கா. வண்டி பின்னால அப்டியே வயுக்கிகினு பூட்ச்சி. ரோட்டுல தண்ணி இல்ல, மணலுகூட இல்ல. இன்னான்னே தெர்ல” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “பின்னால பஸ் வந்துச்சிக்கா” என்றார்.

இன்னான்னே தெரியவில்லை என்றார் அவர். எனக்குத் தெரியும். அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தகனமெல்லாம் அன்று மாலையே முடிந்தது. மறுநாள் குப்பத்து ஆட்கள் வண்டியை மீன் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, அது வழக்கமாக நிற்கிற இடத்திலேயே இறக்கினார்கள். ஹேண்டில் வளைந்திருந்தது, விளக்கு நொறுங்கியிருந்தது. அடித்தகட்டின் பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை.

துக்கம் கேட்க வந்திருந்த மெக்கானிக்கிடம் அதைக் கழற்றச் சொன்னேன். இப்போது எதற்கு என்றார்கள் உறவுக்காரர்கள். கழற்றுங்கள் என்றேன். ஸ்பானர் பிடிக்கவில்லை. மெக்கானிக் உளியை வைத்துத் தட்டித்தான் போல்ட் தலைகளிலிருந்து எனாமலைப் பெயர்த்தார். நான்காவது போல்ட் கழன்றதும் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டி விழுந்தபோதும் கொட்டாமல் மிஞ்சியிருந்த கறுப்பு எண்ணெய், மணலும் சேர்ந்து, கெட்டியாக வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுகிறேன் என்று அவர் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்கார அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். எண்ணெய் வாசல் முழுக்கப் பரவியது. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போடமாட்டார்கள். அந்தக் கறுப்பு கெடுப்பதற்கு அன்று அங்கே ஒன்றும் இல்லை.